கட்டுப் போட்ட கண்ணும் டவுன் மார்க்கெட்டும்

கல்யாணமாகி முத்தையாபுரத்துக்கு வந்து, முதல் பொங்கல் வருகிற வரைக்கும் நான் தூத்துக்குடி டவுன் மார்க்கெட்டைப் பார்த்ததே இல்லை. எழுபதுகளின் தொடக்கம் அது. புது ஹார்பர் வேலை நடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே கிரேன் ஓட்டினார். காலையில் போனால் உடம்பெல்லாம் கல்தூசியோடு பொழுது சாய்ந்துதான் திரும்புவார். பகலெல்லாம் வீட்டில் நானும் மாமியாரும்தான். அவரை நான் அத்தை என்று கூப்பிடுவேன். மார்க்கெட்டுக்குப் போவது அத்தையின் உரிமை. காலைப் பஸ்ஸில் ஓலைப்பெட்டியும் பையுமாகக் கிளம்புவார். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவந்து எல்லாவற்றையும் அடுப்படியில் இறக்கிவைத்துவிட்டு, "இந்தா, சாமான் இருக்கு" என்பார். அதோடு பேச்சு முடிந்தது. நானும் கூட வரட்டுமா என்று ஒரு தடவை கேட்டுப் பார்த்தேன்.

"நீ எதுக்குளா? அங்கன ஒரே தள்ளுமுள்ளு."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அத்தை கெட்டவர் இல்லை. சீக்கிரமே புருஷனை இழந்து, ஒற்றை ஆளாகப் பிள்ளையை வளர்த்தவர். வீட்டில் இன்னொரு பெண்ணோடு பேசிப் பழக்கமே அவருக்கு விட்டுப்போயிருந்தது என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி நினைக்கத் தெரியவில்லை. நான் ஆழ்வார்திருநகரிப் பக்கத்து வயக்காட்டுப் பெண். காலையில் கதவைத் திறந்தால் கண்ணுக்கு முன்னால் பச்சை நிற்கும் ஊர். இங்கே வந்தால் உப்பளம் வெள்ளை, தேரிக்காட்டுச் செம்மணல் காற்றில் பறக்கும், வெயில் எல்லாவற்றையும் வெளுத்துப்போடும். பள்ளிக்கூடத்தில் படித்தபோது கும்மிக்குப் பாட்டுக் கட்டுகிற பிள்ளை என்று எனக்கொரு பெயர் உண்டு. கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு வரிகூட மனசில் ஓடவில்லை.

பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்று அத்தை சிப்பிச் சுண்ணாம்பு வாங்கிவந்தார். சுட்ட சிப்பியைப் பானையில் போட்டுத் தண்ணீர் விட்டால் அது கொதித்துப் பொங்கும், பிறகு அடங்கி மாவாகும். கொல்லையில் அத்தை தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். நான் கலக்குவதற்கு மட்டை எடுத்துவந்து பானைக்குப் பக்கத்தில் குனிந்தேன். அடியில் ஏதோ கட்டி கிடந்திருக்க வேண்டும். அத்தை இன்னொரு செம்புத் தண்ணீரை விட்டதும் 'டப்' என்று ஒரு சத்தம். பானையில் இருந்தது என் முகத்துக்கு வந்துவிட்டது.

வலி என்று சொன்னால் அது வலி இல்லை, நெருப்பு. கண்ணைத் திறக்க முடியவில்லை, மூடவும் முடியவில்லை. என் சத்தம் கேட்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் ஓடிவந்தார்கள். ஒருத்தி விளக்கெண்ணெய் விடச் சொன்னாள். இன்னொருத்தி பிள்ளை பெற்றவளைக் கூப்பிட்டுத் தாய்ப்பால் பீச்சச் சொன்னாள்.

"ஒண்ணும் விடப்படாது! தள்ளி நில்லுங்க! தண்ணி கொண்டாங்க, தண்ணி!"

அத்தையின் குரல் அப்படி உடைந்து நான் அதுவரை கேட்டதில்லை. என் தலையை மடியில் சாய்த்துப் பிடித்துக்கொண்டார். விரலால் இமையைப் பிரித்துப் பிரித்துத் தண்ணீரை ஊற்றினார். முத்தையாபுரத்தில் நல்ல தண்ணீர் குழாயடியில் சண்டை போட்டுப் பிடித்துவருவது. ஒரு குடம் இரண்டு நாளைக்கு வரவேண்டும் என்று எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு வீட்டிலிருந்த குடமெல்லாம் தீர்ந்தது. பக்கத்து வீட்டுக் குடங்கள் வந்தன, அவையும் தீர்ந்தன. நான் திமிறத் திமிற, "பொறு தாயி, பொறு, பொறு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றினார். அதற்குமுன் அவர் என்னைத் தாயி என்று கூப்பிட்டதில்லை.

ரோட்டில் போன உப்பு லாரி ஒன்றை மறித்து, டிரைவர் பக்கத்தில் எங்களை ஏற்றிவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் அத்தை ஈரச் சேலைத் தலைப்பை என் கண்ணில் பிழிந்துகொண்டே வந்தார்.

டாக்டர் வயதானவர் என்பது குரலில் தெரிந்தது. மறுபடியும் கழுவினார், மருந்து விட்டார், விளக்கு வைத்துப் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "இந்தப் பொண்ணுக்கு வீட்டிலே தண்ணி ஊத்தினது யார்?"

அத்தை திட்டு விழப்போகிறது என்று நினைத்திருப்பார் போல. "நாந்தான் ஐயா" என்றார், மிகச் சின்னக் குரலில்.

"நல்ல வேளை ஊத்தினீங்க. எண்ணெயை விட்டுட்டு வந்திருந்தா நான் செய்யறதுக்கு ஒண்ணும் இருந்திருக்காது."

ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. வலது கண் தேறிவிடும். இடது கண்ணைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டையும் கட்டித்தான் வைக்கவேண்டும். கட்டை அவிழ்க்கிற அன்றுதான் தெரியும். கண்ணில் தண்ணீர் ஊற்றியது யார் என்று கேட்டாரே தவிர, சுண்ணாம்பில் ஊற்றியது யார் என்று அவர் கேட்கவில்லை. அத்தையும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் சில நாள் இருந்துவிட்டு, கண்ணைச் சுற்றிக் கட்டோடு வீட்டுக்கு வந்தேன். ஒருநாள் விட்டு ஒருநாள் போய் மருந்து மாற்ற வேண்டும். பொங்கல் வந்தது, போனது. வீட்டுச் சுவர் வெள்ளையடிக்காமலே கிடக்கிறது என்று வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவர் வேலை விட்டு வந்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார். என்ன பேசுவதென்று அவருக்குத் தெரியாது. ஹார்பரில் எத்தனை பெரிய கல்லைத் தூக்கினார்கள் என்று சொல்வார். அந்தக் கல்லையாவது நான் பார்ப்பேனா என்று நினைத்துக்கொள்வேன்.

இருட்டு என்றால் கறுப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். கட்டுக்குள் இருந்த இருட்டு சாம்பல் நிறம். அதில் சில நேரம் சிவப்புப் புள்ளிகள் நீந்தும். அது நல்லதுக்கா கெட்டதுக்கா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கிடப்பேன். அத்தை வேளாவேளைக்குச் சோறு பிசைந்து ஊட்டினார். தலைவாரிப் பின்னிவிட்டார். பேச்சு மட்டும் முன்னைவிடக் குறைந்துபோயிருந்தது.

ஒருநாள் மார்க்கெட்டிலிருந்து வந்தவர் வழக்கம்போல அடுப்படிக்குப் போகாமல் நேரே என்னிடம் வந்தார். பெட்டியை இறக்குகிற சத்தம் கேட்டது. என் கையை இழுத்து அதில் எதையோ வைத்தார். வழவழவென்று, குளிர்ச்சியாக, காம்பில் சின்ன முள்.

"என்னன்னு சொல்லு பாப்போம்."

"கத்திரிக்கா."

"ம்."

எதற்கென்று தெரியவில்லை, "என்ன நெறம் அத்தே?" என்று கேட்டுவிட்டேன்.

"கத்திரிக்கா என்ன நெறத்துல இருக்கும்? கத்திரிக்கா நெறந்தான்."

"கத்திரிக்காயில எத்தனையோ நெறம் இருக்கே. வெள்ளைக் கோடு போட்டது இருக்கு, பச்சை இருக்கு, கறுத்துப்போன ஊதா இருக்கு."

அத்தை காயை என் கையிலிருந்து வாங்கினார். காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பார் என்று நினைக்கிறேன். "மழை வரதுக்கு முந்தி சாயங்காலம் கெழக்க கடலு ஒரு நெறமா கெடக்குமே, அது. காம்புகிட்ட மட்டும் வெளுத்து" என்றார்.

எனக்கு அந்த நிறம் தெரிந்தது. கட்டுக்குள்ளே அந்தச் சாம்பலுக்கு நடுவில், மினுங்கிக்கொண்டு, ஒரு கத்திரிக்காய் வந்து நின்றது. விபத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சாமான் அதுதான்.

மறுநாள் வாங்க வேண்டியது ஒன்றும் இல்லாமலே அத்தை மார்க்கெட்டுக்குப் போனார். அதற்கப்புறம் தினமும் போனார். அதுவரை சாமான் வாங்கத்தான் போயிருப்பார். இப்போது பார்க்கப் போனார். வந்ததும் என் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து என் கையில் வைத்து, நிறத்தைச் சொல்லுவார். நிறத்துக்குப் பெயர் சொல்ல அவருக்கு வராது. சிவப்பு, மஞ்சள், பச்சை, அதற்குமேல் அவரிடம் பெயர் இல்லை. அதனால் ஒவ்வொன்றுக்கும் வேறெதையாவது காட்டித்தான் சொல்லியாக வேண்டும். செவ்வாழை, செங்கல் சூளையைத் தணிச்சப்புறம் கிடக்கிற நெருப்பு. புது வெற்றிலை, ஆற்றுக்குள் முங்கிக் கண்ணைத் திறந்தால் தெரிகிற தண்ணீர். பனங்கருப்பட்டி, என் புருஷன் சின்னப்பிள்ளையாய் இருந்தபோது வெயிலில் அலைந்துவிட்டு வருகிற முதுகு. இதைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார்.

"மிளகா விக்கிற அண்ணாச்சிகிட்ட இன்னிக்கு ஒரே சண்டை" என்று ஒருநாள் சொன்னார்.

"வெலைக்கா அத்தே?"

"வெலைக்கு இல்லளா. வத்தல் குமிஞ்சி கெடக்கு. நான் அதையே பாத்துக்கிட்டு நிக்கேன். 'எவ்வளவு வேணும்மா?'ங்கான். 'வாங்க வரல, பாக்க வந்தேன்'னேன். 'இது என்ன சினிமா கொட்டாயா?'ங்கான். அப்புறம் சொன்னேன், இந்த மாதிரி, மருமவளுக்குக் கண்ணுல கட்டு, இது என்ன செவப்புன்னு சொல்லணும், எனக்குச் சொல்ல வரல, நீரே சொல்லும்னேன்."

"என்ன சொன்னாரு?"

"கடையில வேலை செய்யுதவனக் கூப்பிட்டு ஏவாரத்தப் பாக்கச் சொல்லிட்டு, ஒரு வத்தலக் கையில எடுத்து வெயில்ல பிடிச்சுப் பாத்தான். 'அந்தி வெயிலு வாய்க்கால்ல விழுந்தா இப்படித்தாம்மா இருக்கும், அப்படிப் போய்ச் சொல்லு'ன்னான். எந்த ஊருக்காரன்னு கேட்டேன். உங்க பக்கந்தான், ஆத்தங்கரைக்காரன்."

கைநிறைய வத்தலைக் காகிதத்தில் பொதிந்து அண்ணாச்சி சும்மா கொடுத்து அனுப்பியிருந்தார். நான் முகர்ந்து பார்த்துத் தும்மினேன். "கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோவாத, கூறுகெட்டவளே!" என்று அத்தை பதறிப் பிடுங்கிக்கொண்டார்.

இப்படி மார்க்கெட்டில் ஒவ்வொரு கடையாக அத்தைக்குப் பழக்கமாயிற்று. காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் வளையலும் ரிப்பனும் விற்றார். அவர் ஒவ்வொரு வளையலாகப் பிரித்து வைத்து, இது மயில் கழுத்து, இது மாதுளை முத்து, இது எலுமிச்சைத் தொலி என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுப்பாராம். "மருமவளுக்கு துவா கேக்கேன். அல்லா சொகத்தக் குடுப்பான்" என்று சொல்லி அனுப்பினார். தருவைகுளத்திலிருந்து வந்து கருவாடு விற்கிற அம்மா ஒருத்தி, மாதாவுக்கு மெழுகுவத்தி நேர்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டாள். நான் முகம் பார்த்திராத மனிதர்கள். என் முகத்தை அவர்களும் பார்த்ததில்லை.

அத்தை சமையலுக்குப் போனபிறகு நான் தனியாகக் கிடப்பேன். அவர் சொன்னதெல்லாம் உள்ளே வரிசை கட்டி நிற்கும். ஒரு மத்தியானம், அடுப்படியில் அம்மிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்தச் சத்தத்துக்கு ஒத்தாற்போல இரண்டு வரி தானாக வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு. எழுதிவைக்க வழியில்லை. மறந்துவிடக் கூடாதே என்று வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அம்மிச் சத்தம் நின்றது. "என்னளா முணுமுணுக்க?"

"ஒண்ணுமில்ல அத்தே."

"வலிக்கா?"

"இல்ல. பாட்டு."

"பாட்டா? சொல்லு, கேப்போம்."

சிரிப்பாரோ என்று கூச்சமாக இருந்தது. சொன்னேன்:

வத்தல் மிளகாய் சிவந்திருக்கு – அது
வாய்க்கால் தண்ணியில் அந்திவெயில்
கொத்து மஞ்சள் குவிஞ்சிருக்கு – அதில்
குளிச்ச முகத்தின் வாசமிருக்கு

செவ்வாழைத் தாரு தொங்குதம்மா – அது
செங்கல் சூளையின் ஆறியதீ
வெவ்வேறு பச்சையில் வெத்திலையாம் – அதில்
வெயிலே படாத ஆத்துத்தண்ணி

அத்தை மிளகாய்க் கையோடு வாசலில் நிற்கிறார் என்பது மட்டும் நெடியில் தெரிந்தது. பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

"கருவாட்ட விட்டுட்டியே" என்றார்.

"கருவாட்டுல என்ன அத்தே நெறம்?"

"இல்லாம? சாளைக் கருவாட்ட வெயில்ல காயப்போட்டுப் பாத்திருக்கியா? வயித்துப்பக்கம் அப்படியே வெள்ளி. அந்தம்மா உனக்கு மெழுகுவத்தி நேந்திருக்கா. அவளை விட்டா அது பாட்டா?"

அதனால் கருவாட்டுக்கு ஒரு பாட்டுக் கட்டினேன். அத்தை முன்னால் உட்கார்ந்துகொண்டு, நாற்றத்தைப் பற்றியும் சொல்லியே ஆகவேண்டும், பொய் சொல்லக் கூடாது என்று அடம்பிடித்தார்.

சாளைக் கருவாடு வெள்ளியம்மா – அது
சந்தைக்கு வந்த நிலாத்துண்டு
மூளை கிறங்கும் நாத்தமம்மா – அதை
மூக்கைப் பொத்தினும் ருசியுமுண்டு

இதைக் கேட்டு அத்தை சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தாள். சாயங்காலம் மகன் வந்ததும், "ஏலே, உம் பெண்டாட்டி மார்க்கெட்டப் பாடுதா. பாக்காமலே பாடுதா. கேளு" என்று அவரை உட்காரவைத்து என்னைச் சொல்லச் சொன்னார். அவர் கேட்டுவிட்டு, "கிரேன் வரலியே" என்றார். அந்த வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு ஒருநாள் மருந்து மாற்றப் போனபோது இடது கண்ணில் வலி கூடியிருந்தது. கட்டை அவிழ்த்துச் சிறிது நேரம் பார்ப்பார்கள். மங்கலான வெளிச்சம் தெரிவதும் மறைவதுமாக இருக்கும். அன்று இடது கண்ணில் அந்த வெளிச்சம்கூட முன்னைவிட மங்கியிருந்தது. டாக்டர் வேறு மருந்து எழுதினார். "பொறுத்துப் பார்ப்போம்" என்றார். குரலில் இருந்த சந்தேகத்தை நாங்கள் இருவருமே கேட்டோம்.

மறுநாள் அத்தை மார்க்கெட்டுக்குப் போகவில்லை. வீட்டில் சத்தமே இல்லை. மத்தியானம் என் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார்.

"நாந்தானளா ஊத்துனேன்" என்றார்.

நான் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தேன்.

"கட்டி கெடக்குன்னு தெரியும். கலக்கிட்டு ஊத்தணும்னும் தெரியும். வெரசா முடிக்கணும்னு ஊத்திப்போட்டேன். டாக்டர்ட்ட சொல்லல. எம் மவன்ட்டயும் சொல்லல. உனக்குத் தெரியும். நீயும் ஒண்ணும் சொல்லல. அதான் எனக்குத் தாங்கல. ஒரு வார்த்தை ஏசிருந்தாக்கூட நல்லாருந்திருக்கும்."

எனக்கு அவர்மேல் கோபம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். வலி கூடும்போதெல்லாம் அந்தச் செம்பும் அந்தக் கையும்தான் நினைவுக்கு வரும். ஆனால் அந்தக் கோபத்தைத் தேடி எடுக்கப் போனால், அதே இடத்தில் என் தலையை மடியில் பிடித்துக்கொண்டிருந்த கையும் இருந்தது. இரண்டையும் பிரிக்க முடியவில்லை.

"ஊத்துனதும் நீங்க. கழுவுனதும் நீங்க. நான் எதைச் சொல்லி ஏச?" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. "பயமா இருக்கு அத்தே. அதுமட்டுந்தான்."

"அழப்படாது, கட்டு நனையும்" என்று சொல்லிக்கொண்டே அவரும் அழுதார். என் காலைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் வந்த மகனிடம் அவராகவே எல்லாவற்றையும் சொன்னார். அவர் சட்டையைக் கழற்றி உதறுகிற சத்தம் கேட்டது. பிறகு, "சரிம்மா, காப்பி போடு" என்றார். அந்த மனிதருக்கு அவ்வளவுதான் பேச வரும். ஆனால் அத்தை எழுந்து போன நடையில் ஒரு பாரம் இறங்கியிருந்தது. காது இருந்தால் நடையும் தெரியும்.

அடுத்த காலை மறுபடி மார்க்கெட்டுக்குப் போனார். வளையல்காரரிடமிருந்து மயில் கழுத்து நிறத்தில் கண்ணாடி வளையல் வாங்கிவந்து என் கையில் போட்டுவிட்டார். அந்த மத்தியானம் பாட்டுக்குக் கடைசிக் கண்ணி வந்தது.

கண்ணாடி வளையல் கலகலக்கும் – அது
காயல் கடையின் மயில்கழுத்து
எண்ணாத வண்ணம் எத்தனையோ – என்
இருட்டில் எல்லாம் வந்திறங்கும்

கட்டை அவிழ்க்கிற நாள் வந்தது. அத்தைதான் கூட வந்தார். வீட்டுக்காரருக்கு லீவு கிடைக்கவில்லை. ஜன்னலையெல்லாம் சாத்தச் சொல்லிவிட்டு டாக்டர் துணியைச் சுற்றிச் சுற்றி எடுத்தார். பஞ்சு நீங்கியது. "மெதுவா திறம்மா, அவசரமில்லே."

வலது கண்ணில் முதலில் மஞ்சளாக ஒன்று தெரிந்தது. கலங்கி, அசைந்து, பிறகு நிலைத்தது. டாக்டரின் சட்டைப் பையில் செருகியிருந்த பேனாவின் மூடி. அதற்குமேல் வெள்ளை மீசை. அதற்குமேல் சிரிக்கலாமா வேண்டாமா என்று காத்திருக்கிற முகம்.

"தெரியுது" என்றேன்.

அவர் வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். "இப்போ?"

இடது கண்ணில் புகை. வெறும் புகை. டாக்டர் சொட்டு மருந்து ஒன்று விட்டார். துடைத்தார். இமைக்கச் சொன்னார். இமைத்தேன். புகைக்குள் எதுவோ அசைந்தது.

"என்ன தெரியுது?"

"வெரல்."

"எத்தனை?"

சொன்னேன். அவர் மாற்றிக் காட்டினார். அதையும் சொன்னேன். ஒரு ஜன்னலைக் கொஞ்சமாகத் திறக்கச் சொன்னார். சுவரில் தொங்கிய காலண்டரில் எத்தனாம் தேதி என்று கேட்டார். மங்கல்தான், ஓரமெல்லாம் கரைந்துதான் இருந்தது. ஆனால் படித்துவிட்டேன்.

"போதும்" என்று கையை எடுத்துவிட்டு அவர் சிரித்தார். "இன்னும் தெளியும். வெயில்லே கொஞ்சம் கூசும். அது இருந்துட்டுப் போகட்டும். கண்ணு ரெண்டும் இருக்கு."

திரும்பிப் பார்த்தேன். அத்தை சுவரோரமாகப் பெஞ்சில் சரிந்து உட்கார்ந்திருந்தார். முந்தானையை வாயில் அழுத்தியிருந்தார். அந்தச் சில வாரத்தில் கன்னம் ஒட்டி, தலையில் நரை கூடிப் போயிருந்தது. இத்தனை நாளும் குரலாகவும் கையாகவும் மட்டுமே இருந்தவர். டாக்டரைப் பார்த்துக் கும்பிட்டார், நர்ஸைப் பார்த்துக் கும்பிட்டார், மருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு போன ஆயாவையும் பார்த்துக் கும்பிட்டார். பிறகு எழுந்து வந்து என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "இந்தா, என்னைப் பாரு. தெரியுதா? நல்லாத் தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது அத்தே."

"என்ன சேலை கெட்டிருக்கேன்?"

"பாக்கு நெறம். கரை மஞ்சள்."

"ஆமாளா! ஆமா!" என்று கத்தினார். வெளியே உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லாரும் திரும்பினார்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளியே வந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போவோம் என்று நினைத்தேன். அத்தை வேறு பக்கம் திரும்பினார். "வா" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

மார்க்கெட் நான் நினைத்திருந்ததைவிட அழுக்காக இருந்தது. ஈ மொய்த்தது, தரை சேறு, மூட்டை தூக்குகிறவர்கள் "வழி, வழி" என்று இடித்துக்கொண்டு போனார்கள். கறுப்புக் கண்ணாடிக்குள் எல்லாம் மங்கல். தாங்க முடியாமல் கண்ணாடியை மேலே தூக்கினேன். கண் கூசித் தண்ணீர் கொட்டியது. கொட்டட்டும் என்று விட்டுவிட்டேன். தக்காளி, பூசணி, மஞ்சள் கிழங்கு, சாயம் ஏற்றிய ஓலைப்பெட்டி, கனகாம்பரம், உப்புக்கூடை, எண்ணெய் மினுங்குகிற காராச்சேவு, சீனிப்பாகு பூத்த சீரணி மிட்டாய். எதை முதலில் பார்ப்பதென்று தெரியாமல் கழுத்து வலிக்கத் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாட்டில் வராத சாமான்கள் எத்தனையோ இருந்தன. பாட்டில் வந்தவையும் பாட்டைப் போல இல்லை. மிளகாய் வத்தல் அந்தி வெயிலைவிடக் கறுத்திருந்தது. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. பார்த்துத்தானே இதைச் சொல்கிறேன் என்று சந்தோஷமாக இருந்தது.

"அண்ணாச்சி, இவதான்" என்றார் அத்தை.

மிளகாய்க்கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். மெலிந்த மனிதர், கைமுழுக்கச் சிவப்புத் தூசி. "கட்ட அவுத்தாச்சா? ரெண்டும் தெரியுதா தாயி?"

"தெரியுது அண்ணாச்சி."

"ரெண்டும்?"

"ரெண்டும்."

அவர் பக்கத்துக் கடைக்குக் குரல் கொடுத்தார். அங்கிருந்து அடுத்த கடைக்குப் போயிற்று. வளையல்காரர் வெள்ளைத் தொப்பியைச் சரிசெய்துகொண்டு வந்து நின்று, என்னை நேராகப் பார்க்கக் கூச்சப்பட்டு அத்தையைப் பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ்" என்று அல்லாவுக்கு நன்றி சொன்னார். கருவாட்டுக்கார அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஓடிவந்து என் நெற்றியில் சிலுவை போட்டாள். அவள் கையில் கருவாட்டு வாசம் கனமாக இருந்தது.

"ஏளா, பாட்டைச் சொல்லு" என்றார் அத்தை.

"இங்கனயா? வேண்டாம் அத்தே."

"சொல்லுளா. இவங்க எல்லாம் குடுத்த சாமான்தான அது."

சொன்னேன். முதலில் குரலே எழும்பவில்லை. மூட்டைக்காரர்கள்கூட நின்று கேட்டார்கள். கருவாட்டுக் கண்ணி வந்ததும் அந்த அம்மா, "நாத்தமா! எங்கருவாடா நாறுது?" என்று இடுப்பில் கையை வைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த வரியைக் கேட்டதும் அவளும் சிரித்துவிட்டாள். முடிந்ததும் வெங்காயக் கடைக்காரர் ஒருவர் வருத்தத்தோடு, "வெங்காயத்தப் பத்தி ஒண்ணுமில்லியே" என்றார்.

"அத்தை உங்க கடைக்கு வரல போலிருக்கு" என்றேன்.

"அடுத்த தடவை நீயே வா தாயி" என்றார் அவர்.

"வருவா. இனிமே நாங்க ரெண்டு பேருந்தான் வருவோம்" என்றார் அத்தை. என்னைக் கேட்காமலே சொல்லிவிட்டார்.

பைநிறையச் சாமானோடு பஸ் ஏறினோம். ஜன்னலோரம் எனக்குக் கொடுத்தார். பழையகாயல் ரோட்டில் பஸ் திரும்பியதும் உப்பளங்கள் வந்தன. வெள்ளை வெளேரென்று, பாத்தி பாத்தியாக, நடுவில் வானத்தின் நீலம் தேங்கிக் கிடந்தது. இத்தனை மாதம் அந்த உப்பளங்களுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கிறேன். அந்த நீலத்தை அதற்குமுன் நான் கவனித்ததில்லை.

அத்தையிடம் காட்டலாம் என்று திரும்பினால், அவர் தூங்கிப் போயிருந்தார். பையை மடியில் அணைத்தபடி, வாய் லேசாகத் திறந்து, தலை என் தோளில் சாய்ந்திருந்தது. நான் கட்டோடு கிடந்த நாள்களில் அவர் எப்போது தூங்கினார் என்று யோசித்துப் பார்த்தேன். எப்போது கூப்பிட்டாலும் உடனே "என்னளா" என்று குரல் வந்திருக்கிறது.

முத்தையாபுரம் ஸ்டாப் வந்தது. எழுப்ப மனம் வரவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அடுத்த ஸ்டாப்பில் இறங்கிக்கொள்கிறோம் என்று கையால் காட்டினேன். அவர் விசில் ஊதினார், பஸ் நகர்ந்தது. திரும்பி நடக்க வேண்டியதுதான். எனக்கு வழி தெரியும்.